எவ்வளவு கொடுக்கும் என்று கேட்காதீர்கள்

தஞ்சையில் மாதந்தோறும் நடக்கும் நூல் விமர்சனக் கூட்டம் முடிந்து வழக்கம்போலத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, சிறிய கார் ஒன்று வாங்கலாமா என்று நண்பர்களிடம் அபிப்பிராயம் கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது. மௌனியின் ஒரே ஒரு கதைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியவர்கள் நம் கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்காமல் தீர்ப்பு வழங்கிவிட்டார்கள். மூத்த நண்பர் ஒருவர், "நீங்களுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வங்கியில் பணிபுரியும் நண்பர், "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், இன்னும் மூன்று லட்சம் போட்டு உயரமான வண்டியாகப் பாருங்கள், ஹேட்ச்பேக்கெல்லாம் இனி யார் வாங்குகிறார்கள்?" என்றார். மூன்றாமவர் நம் மீது பரிவு கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும், மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டார்.

மூவர் சொன்னதும் பிழை என்பது நம் கட்சி. மூன்றிலும் மூன்றாவதே கொடிது என்பதும் நம் கட்சி. முதல் இரண்டும் கேட்பவரின் பர்சோடு நின்றுவிடும். மூன்றாவது கேள்வி முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் கார் செய்பவர்களுக்கு நாமே எழுதிக் கொடுத்த பாவமன்னிப்புச் சீட்டு.

'நீங்களுமா?' என்பதிலிருந்து தொடங்குவோம். இலக்கிய வாசகர்களிடையே ஒரு வகை எளிமை வழிபாடு உண்டு. சைக்கிளில் வரும் எழுத்தாளர் உயர்ந்தவர், பேருந்தில் வருபவர் நல்லவர், காரில் வருபவர் சமரசம் செய்துகொண்டவர். நமக்கும் இதில் ஓரளவு ஈடுபாடு இருந்தது. ஆனால் எளிய வாழ்வு என்று நாம் சிலாகிப்பது டெல்டாவில் உண்மையில் எந்த வடிவில் நடக்கிறது? பேருந்தில் அன்று, இரு சக்கர வாகனத்தில். கணவன், மனைவி, இடையில் ஒன்று, முன்னால் நின்றபடி ஒன்று. 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று நடுவண் அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். கார், வேன் முதலியவற்றில் சென்றவர்கள் 12.5 விழுக்காட்டினர். ஓடும் இரு சக்கர வண்டிகளின் எண்ணிக்கையே மிகுதி என்பதை மறக்கவில்லை. ஆயினும் எளிமையின் விலையை யார் தருகிறார் என்று அந்தக் கணக்கு சொல்லத்தான் செய்கிறது. மூத்த நண்பரிடம் கேட்க விரும்புவது இதுதான்: வெளிநாட்டிலிருந்து மகன் வரும் நாளில் திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பேசுகிறீர்களே, அப்போது எங்கே போகிறது அந்த எளிமை?

சொந்தக் கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுவோம். சம்பா அறுவடை முடியும் தை மாதக் கடைசியில், அம்மாவைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து தஞ்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரே ஸ்கூட்டரில் நால்வர். எட்டரை மணிக்கு மேல் எங்கள் ஊரிலிருந்து நகரப் பேருந்து கிடையாது. வெண்ணாற்றங்கரைச் சாலையில் பாதி அகலத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தார்கள். எதிரே அறுவடை இயந்திரத்தை ஏற்றிய லாரி முகப்பு விளக்கைத் தாழ்த்தாமல் வந்தது. ஒதுங்கினோம். பனியில் நனைந்த வைக்கோல் பாசியைப்போல வழுக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. மகளுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மற்ற மூவருக்கும் சிராய்ப்பு. வைக்கோல் பரப்பியவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. களம் இல்லாதவர் சாலையைக் களமாக்குவது தலைமுறைப் பழக்கம். லாரிக்காரரைக் குறை சொல்லலாம். ஆனால் நான்கு பேரை ஒரு ஸ்கூட்டரில் ஏற்றியவர் யார்? நாம்தான். கையில் கட்டுடன் மகள் பள்ளிக்குப் போன அந்த ஆறு வாரங்களில், 'கார் ஆடம்பரமா?' என்ற கேள்வி எங்கள் வீட்டில் தானாக இறந்துபோயிற்று.

மழையில் ஸ்கூட்டரில் செல்லும் ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் நானோ காரின் எண்ணம் தோன்றியது என்று ரத்தன் டாட்டா பலமுறை சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரி 10 அன்று டில்லிக் கண்காட்சியில் அந்த வண்டி மேடையேறியபோது ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. 2018இல் உற்பத்தி ஏறத்தாழ நின்றே போயிற்று. நானோவின் தோல்வியைப் பற்றி எல்லோருக்கும் ஒரு விளக்கம் உண்டு. மலிவு என்று விற்றதே பிழை என்று டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். டெல்டாவில் அது முற்றிலும் உண்மை. கல்யாண மண்டப வாசலில் 'ஒரு லட்ச ரூபாய் வண்டி'யில் போய் இறங்க இங்கே எந்தச் சம்பந்தியும் தயாராக இல்லை. அதற்குப் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம் என்பார்கள். (பெயர் ஹேட்ச்பேக்தான், பின்கதவு வெளியிலிருந்து திறக்காது. 2015இல்தான் திறக்கத் தொடங்கியது.)

நானோவிடம் நமக்குள்ள வழக்கு வேறு. ஸ்கூட்டரில் நான்கு பேர் என்று அது எழுப்பிய கேள்வி, இந்தியக் கார்த் தொழில் கேட்டவற்றுள் ஆகச் சிறந்த கேள்வி. கேட்டவர்கள் விடையைத்தான் மலிவாகத் தந்தார்கள். 2014 ஜனவரி இறுதியில் 'குளோபல் என்கேப்' என்னும் அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்த முடிவை வெளியிட்டது. நானோ, ஆல்ட்டோ 800, ஐ10, ஃபோர்டு ஃபிகோ, போலோ ஆகிய ஐந்துக்கும், காற்றுப்பை இல்லாத அடிப்படை வகையில், பெரியவர் பாதுகாப்புக்குச் சுழியம் நட்சத்திரம். ஸ்கூட்டரிலிருந்து இறக்கிய குடும்பத்தை ஏற்றிவைத்த இடம் இது.

அந்த ஐந்தில் இரண்டு நம் தமிழ்நாட்டு மண்ணில் செய்யப்பட்டவை. ஃபிகோ மறைமலைநகரில், ஐ10 ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில். ஐ10 அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. 2008இல் ஐரோப்பியச் சோதனையில் அதே ஐ10, காற்றுப்பைகளுடன், நான்கு நட்சத்திரம் பெற்றது. ஒரே ஆலை, ஒரே தொழிலாளர் கைகள். அங்கே போவதற்கு ஒரு வண்டி, ஆவடிக்கும் அம்மாபேட்டைக்கும் வருவதற்கு இன்னொரு வண்டி. இதை ஐரோப்பியச் சட்டத்தின் கறார் என்றும் நம் சட்டத்தின் தாராளம் என்றும் சொல்லி முடித்துவிடலாம். முழு உண்மை அதுவன்று. போலோவில் இரண்டு காற்றுப்பை வைத்த வகையையும் அப்போதே சோதித்தார்கள். நான்கு நட்சத்திரம் வந்தது. கூடுதல் பணம் கொடுத்தால் உயிர் கிடைக்கும் என்று கடையிலேயே எழுதி வைத்திருந்தது. வாங்கியவர்கள் அந்தப் பணத்தைச் சக்கரத்தின் அலங்காரத் தட்டுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் கொடுத்தார்கள். நாமும் கொடுத்திருப்போம், அன்று வாங்கியிருந்தால்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

தஞ்சை ஜில்லாக்காரனுக்கு எதையும் 'எவ்வளவு கொடுக்கும்?' என்று கேட்பது ரத்தத்தில் ஊறியது. மாடு எவ்வளவு கொடுக்கும், மா எவ்வளவு காணும், மாப்பிள்ளை வீடு எவ்வளவு எதிர்பார்க்கும். தவறில்லை, ஆனால் கணக்கென்று வந்தால் கணக்கைக் கடைசிவரை போட வேண்டும். போடுவோம். எங்கள் குடும்பத் தேவை ஆண்டுக்கு 6000 கிலோமீட்டர். லிட்டருக்கு 24 கொடுக்கும் வண்டிக்கு 250 லிட்டர் போதும். 18தான் கொடுக்கும் வண்டிக்கு 333 லிட்டர் வேண்டும். வேறுபாடு 83 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 8,300 ரூபாய். நாளொன்றுக்கு 23 ரூபாய். மூத்த நண்பர் கீழே வைத்த தேநீர் போல இரண்டு. இந்த இரண்டு தேநீருக்காகத்தான் ஒரு நாடே தகட்டின் கனத்தைப் பற்றிக் கேட்காமல் கார் வாங்கியது. (நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்காரர் மைலேஜைக் கேட்கட்டும். அவருக்கு அது பிழைப்பு. நமக்கு அது வெறும் பழக்கம்.)

கேட்க வேண்டியது வேறு. மோதினால் கூடு நிற்குமா? 2023இல் குளோபல் என்கேப் சோதித்த வேகன் ஆர் பெரியவர் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும், குழந்தைகளுக்குச் சுழியமும் பெற்றது. அதன் கூடு நிலையற்றது என்று எழுதினார்கள். அதே முறை ஆல்ட்டோ கே10க்கு இரண்டு நட்சத்திரம், குழந்தைகளுக்குச் சுழியம். 2022இல் ஸ்விஃப்ட்டுக்கு ஒன்று. 2020இல் கிராண்ட் ஐ10 நியாஸுக்கு இரண்டு. இவையெல்லாம் நம் தெருக்களில் நாம் பெயர் சொல்லி அழைக்கும் வண்டிகள். மறுபக்கம், 2020 ஜனவரியில் டியாகோ நான்கு நட்சத்திரமும் ஆல்ட்ரோஸ் ஐந்தும் பெற்றன. அது 2022க்கு முந்தைய, சற்று எளிய விதிமுறை என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஒரு நட்சத்திரம் வாங்கிய அதே மாருதி, 2024 நவம்பரில் புதிய டிசையருக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிக் காட்டியது. ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. கேட்பார் இல்லாததால் செய்யவில்லை. கேட்கத் தொடங்கிய பின் செய்கிறார்கள்.

அரசு கேட்டிருக்க வேண்டாமா என்றால், கேட்டது, கேட்டுவிட்டுப் பின்வாங்கியது. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 ஜனவரியில் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் என்றார்கள், பின்பு அடுத்த அக்டோபர் என்றார்கள், 2023 செப்டம்பரில் கட்டாயமில்லை என்று அமைச்சரே சொல்லிவிட்டார். அந்த அக்டோபரில் 'பாரத் என்கேப்' என்னும் நம் நாட்டுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. அதுவும் நிறுவனங்கள் விரும்பினால்தான். 2025இல் மாருதி தன் சிறு கார்களிலும் ஆறு காற்றுப்பைகளை எல்லா வகைக்கும் பொதுவாக்கியது. வரவேற்போம். ஆனால் நொறுங்கும் கூட்டுக்குள் ஆறு பைகளை வைப்பதும், இற்றுப்போன பத்தாயத்துக்குப் புதுப் பூட்டுப் போடுவதும் ஒன்றுதான். பைகளை எண்ணிவிட்டுத் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

இவ்வளவையும் படித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் ஒன்றுக்குப் போனோம். நல்ல பையன், நம் மாணவர்களின் வயது. "வாங்க சார், உட்காருங்க சார்" என்று மோர் கொடுத்தான். தொடுதிரையைக் காட்டினான், பின்புறக் கேமராவைக் காட்டினான், கூரையைத் திறந்து வானத்தைக் காட்டினான். மைலேஜை நாம் கேட்காமலே மூன்று முறை சொன்னான். இந்த வண்டி மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டோம். சிறிது நேரம் யோசித்தான். "சார், இந்த மாடல் எடுக்கிறவங்க யாரும் அதைக் கேக்குறதில்ல சார்" என்றான். பொய் சொல்லவில்லை, அவனை மெச்சத்தான் வேண்டும். பின்னிருக்கையின் நடுவில் அமர்பவருக்குத் தோளையும் இடுப்பையும் தழுவும் மூன்று முனைப் பட்டை உண்டா என்றோம். மேலாளரிடம் கேட்டு வந்து, "பின்னாடி யார் சார் பெல்ட் போடுறா?" என்றான். 2022 செப்டம்பரில் உயர்ரகக் காரின் பின்னிருக்கையில் பட்டை அணியாமல் அமர்ந்திருந்த சைரஸ் மிஸ்திரி எப்படி இறந்தார் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் பின்னிருக்கைக்காரர்கள் இருவரும் குழந்தைகள்.

விலைக்கு வருவோம். தஞ்சையில் இருந்துகொண்டு விலையை ரூபாயில் மட்டும் பேசுவது மரபுக்கு விரோதம். பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்றுதான் எழுதிவைத்தான். நாமும் நெல்லில் அளப்போம். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 48,000 ரூபாய். அந்தப் பருவத்தில் சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 132 ரூபாய். அறுபது கிலோ மூட்டைக் கணக்கில் அறுநூறு மூட்டைக்கு ஒரு கார். 2025 செப்டம்பரில் சிறு கார்களின் வரி குறைந்த பிறகு, ஸ்விஃப்ட்டின் ஆகக் குறைந்த வகை சுமார் 5.79 லட்சம். அந்த மாதம் முதல் தமிழக அரசு ஊக்கத்தொகையுடன் சாதாரண நெல்லுக்குக் கொடுத்த விலை 2,500 ரூபாய். முந்நூற்றெண்பத்தைந்து மூட்டைக்கு ஒரு கார். நாற்பதாண்டில் நெல் மலிந்துவிட்டது என்று புலம்பத் தயாராக இருந்த நமக்கே இது அதிர்ச்சி. நெல்லில் அளந்தால் கார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலிந்திருக்கிறது.

ஆனால் உழவருக்கு இது ஆறுதல் ஆகாது. ஏக்கருக்கு முப்பது மூட்டை என்று வைத்தாலும் முந்நூற்றெண்பத்தைந்து மூட்டைக்குப் பதின்மூன்று ஏக்கர் வேண்டும். அதாவது இரண்டு வேலி நிலத்தின் ஒரு போகம் முழுவதும், உழவுக்கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எதையும் கழிக்காமல். டெல்டாவில் இன்று இரண்டு வேலிக்காரர் எத்தனை பேர்? நெல்லை விற்றுக் கார் வாங்குபவர் அரிது. சம்பளமும் வெளிநாட்டுப் பணமும்தான் வாங்குகின்றன. ஆகவே நெல் அளவையில் மலிவு என்பது நெல் இல்லாதவருக்கான மலிவு. கடை விலை கடைசி விலையும் அன்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 விழுக்காடு. காப்பீடும் சேர்த்தால் அந்த 5.79 ஏழு லட்சத்தைத் தொட்டுவிடும். ஐந்து லட்சம் கடன், ஒன்பது விழுக்காடு வட்டி, ஐந்தாண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 10,400.

இந்தத் தொகையைச் சொன்னதும் நம் துறையின் இளம் நண்பர் முகம் நினைவுக்கு வருகிறது. கௌரவ விரிவுரையாளர், மாதம் 25,000 தொகுப்பூதியம். அவரும் நம்மைப் பார்த்து, "நானும் ஒன்று பார்க்கட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்று கடுமையாகவே சொன்னோம். ஐந்தில் இரண்டு பங்குச் சம்பளம் தவணைக்குப் போகும் வீட்டில் கார், வண்டியன்று. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த கடன்காரன். ஆண்டில் பத்து நாள் மட்டுமே தேவை என்பவரும் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பத்து நாளும் வாடகைக் காரில் போனால் ஐந்து மாதத் தவணைப் பணத்தில் எல்லாம் அடங்கும். பேருந்து ஓடும் நேரத்தில் பேருந்தே சிறந்தது. 2021 முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமும் இல்லை. எட்டரைக்கு மேல் ஒரு பேருந்து விட்டிருந்தால் எங்கள் ஸ்கூட்டர் அன்று ஆற்றங்கரையில் இருந்திருக்காது என்பதையும் மறைக்கவில்லை. ஆகவே எல்லோரும் வாங்குங்கள் என்று நாம் முரசறையவில்லை. வாரந்தோறும் இருட்டிய பின் நால்வரும் ஒரே இரு சக்கர வண்டியில் போகிறீர்களா, தவணையைக் கட்டிய பிறகும் அரிசிப் பானை நிறையுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள். மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுப்பதற்கென்றால், உலகத்தின் எந்தக் காரும் வாங்கத் தகுந்ததன்று.

'இன்னும் மூன்று லட்சம்' நண்பருக்கு விரிவான பதில் தேவையில்லை. நாட்டில் விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் அவர் சொல்லும் உயரமான ரகம் என்பது உண்மைதான். ஊரே ஏறுகிறது என்பதால் மேட்டில் ஏறிவிட முடியாது. உயரமும் பாதுகாப்பும் ஒன்றென்பது மாயை. சோதனை முடிவைப் பார்க்காமல் உயரத்தை மட்டும் பார்ப்பவர் மீசையைப் பார்த்து வீரனைத் தேர்ந்தெடுப்பவர். கும்பகோணத்தின் சந்நிதித் தெருக்களிலும் தஞ்சைக் கீழவாசலிலும் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தால் பின்னோக்கிப் போக வேண்டிய சந்துகளிலும் நான்கு மீட்டர் வண்டியே மிகை. அந்த நான்கு மீட்டருக்கும் ஒரு கதை உண்டு. 2006ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சிவகங்கைச் சீமையிலிருந்து சென்ற நிதியமைச்சர், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் வண்டிகளுக்கு உற்பத்தி வரியை 24இலிருந்து 16 ஆகக் குறைத்தார். அன்று முதல் இந்தியக் கார்கள் வாலை நறுக்கிக்கொண்டன. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி குறைந்ததும் அதே அளவுகோலில்தான். 29 விழுக்காடு 18 ஆயிற்று. வரியால் ஒரு வண்டியின் வாலை நறுக்க முடிகிறதென்றால் அதே வரியால் அதன் கூட்டை வலுப்படுத்தவும் முடியும். ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு வரி, ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு வரி என்று வைத்திருக்கலாம். நீளத்தை அளக்கத் தெரிந்த அரசுக்கு வலுவை அளக்கத் தோன்றவில்லை.

நம் கட்சிக்கு எதிரான வலுவான வாதத்தை மூவருமே சொல்லவில்லை. அவர்களுக்காக நாமே சொல்கிறோம். கார் நெல்லைத் தின்கிறது. நானோவுக்காக முதலில் எடுத்த நிலம் மேற்கு வங்கத்துச் சிங்கூரின் வயல்கள், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர். உழவர் எதிர்ப்பால் 2008 அக்டோபரில் ஆலை குஜராத்தின் சாணந்துக்குப் போயிற்று. அந்த நில எடுப்பு செல்லாது, திருப்பிக் கொடுங்கள் என்று 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் டெல்டாவை 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் இயற்றினோம். கார் ஆலை வரவில்லை. சாலை வந்தது. திருவையாற்றுப் புறவழிச் சாலைக்காகக் கண்டியூர்ப் பக்கம் பயிர் நின்ற வயலில் மண் கொட்டியபோது உழவர்கள் குறுக்கே நின்றார்கள். விக்கிரவாண்டி நெடுஞ்சாலையில் சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான ஐம்பது கிலோமீட்டர் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அந்த வழியாகச் சென்னைக்குப் போவது சுகமாகத்தான் இருக்கிறது. சுகமாக இருக்கிறது என்பதுதான் உறுத்துகிறது.

எரிபொருளும் அப்படியே. பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு இப்போது எத்தனால். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் மட்டுமன்று, இந்திய உணவுக் கழகக் கிடங்கின் அரிசியிலிருந்தும் வடிக்கிறார்கள். ஒரு டன் அரிசிக்கு ஏறத்தாழ 450 லிட்டர். எங்கள் ஆண்டுத் தேவையான 333 லிட்டரில் 66 லிட்டர் எத்தனால். அத்தனையும் அரிசியிலிருந்து வந்ததென்று வைத்தால் சுமார் நூற்றைம்பது கிலோ அரிசி. சோறுடைத்த சோழநாட்டின் பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு மூட்டை அரிசியைப் புகையாக விடப் போகிறோம். இதற்கு நம்மிடம் சமாதானம் இல்லை. மகளின் மணிக்கட்டுத்தான் இருக்கிறது. (பழைய கார் வாங்க எண்ணுவோர் கவனிக்க: 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பல இந்தக் கலவைக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அவற்றில் மைலேஜ் ஆறேழு விழுக்காடு குறையக்கூடும் என்று 2021ஆம் ஆண்டு நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருந்தது. மைலேஜ் பக்தர்களுக்கு இது ஒரு கூடுதல் சோதனை.)

வாங்கத்தான் போகிறோம். எந்த வண்டி என்று இங்கே எழுதப்போவதில்லை, விளம்பரமாகிவிடும். நான்கு நட்சத்திரத்துக்குக் குறையாதது, குறைந்த வகை, கூரை திறக்காதது, தொடுதிரை இல்லாதது, பின்னிருக்கையின் நடுவிலும் மூன்று முனைப் பட்டை உள்ளது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். தாளைப் படித்த அந்தப் பையன், "சார், இதே காசுக்குப் பெரிய ஸ்கிரீன் வர்ற வண்டி இருக்கு" என்றான். அவன் கடமை அது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பின்னாடி ஒரு மூட்டை நெல்லு வைக்கலாமாடா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு மூட்டை தாராளமாக ஏறும், கட்டுப்பெட்டி இருந்தால் ஏறாது என்றோம்.

தை பிறந்ததும் வண்டி வரும். மூத்த நண்பர் அடுத்த கூட்டத்துக்குத் திருவையாற்றிலிருந்து எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார், 'ஒரே ஒரு தடவை' என்ற நிபந்தனையுடன். பின்னிருக்கையில் அமர்ந்தாலும் பட்டை பூட்டாமல் வண்டி நகராது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.